நான்காம் மாடியும் அம்மாவின் முழங்காலும்

அன்புள்ள ஐயா,

பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். அம்மாவுக்கு 69 வயது. முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வேலைவிட்ட பிறகும், தம்பி தோட்டத்தில் வேலையில் இருந்ததால், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டிலேயே இருந்தார். இப்போது தம்பி ஜொகூருக்குப் போய்விட்டான். நிர்வாகம் வீட்டைக் கேட்கிறது. சமூகநல இலாகா தரும் 600 வெள்ளிதான் அம்மாவின் வருமானம். பட்டணத்தில் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் இரண்டு வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன. நான்காம் மாடியில் 250 வெள்ளி, கீழ்த்தளத்தில் 350. மேலேயே எடுப்போம் என்கிறான் தம்பி. என்னோடு பினாங்குக்கு வர அம்மாவுக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கீழ்த்தளத்தையே எடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பால்மரத்தில் பட்டை கீழிறங்க இறங்க, வெட்டுபவரும் குனிந்துகொண்டே போக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படிக் குனிந்த முழங்கால்களுக்கு நான்காம் மாடியைக் கொடுக்கலாமா? என் அம்மா கடைசிக் காலத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், நைலான் கயிற்றில் கட்டிய சிவப்புக் கூடையைச் சன்னல்வழியே இறக்குவார். உள்ளே இரண்டு வெள்ளி. ரொட்டி மேலே வரும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நாங்கள் மெச்சினோம். அவர் வாரக்கணக்கில் படியிறங்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

அந்த நூறு வெள்ளியைப் பிள்ளைகள் நீங்கள் இருவரும் போடுங்கள், ஆளுக்கு ஐம்பது. அம்மாவின் சேமநிதிப் பணம் எங்கே போனது என்று நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மகளின் திருமணமாகவும் மகனின் படிப்பாகவும் மாறியிருக்கும்.

ஆனால் வாடகையை எழுத்தில் கட்டிப்போடுங்கள். முதியோர் உதவித்தொகை 2021-இல் 500 வெள்ளி ஆனது; 600 ஆனது 2025-இல்தான். நடுவில் நான்கு ஆண்டுகள் அதே தொகை. வீட்டுக்காரர் அப்படிப் பொறுத்திருப்பாரா? குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை ஏறாது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பராமரிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதைக் கட்ட வேண்டியவர் வீட்டின் உரிமையாளர்; அதை அம்மாவின் தலையில் கட்டிவிடாதபடி எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறை குந்தும் வகையா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் குடிபுகுமுன் சுவரில் கைப்பிடி வைத்துவிடுங்கள்; அதற்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

நிர்வாகம் வீட்டைக் கேட்பது பற்றி எழுதியிருந்தீர்கள். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், உங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அப்படிக் கைகோத்த சமூகத்தில், வேலைவிட்ட ஒரு தாய்க்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைப்பதை அந்தந்தக் குடும்பத்தின் கவலையாகவே விட்டிருக்கிறோம். எனக்கு அது வலிக்கிறது.

பினாங்குக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். அங்கே நீங்கள் வேலைக்குப் போன பின் பகல் முழுதும் அவரிடம் பேச யார் இருக்கிறார்கள்?

கையெழுத்துப் போடுமுன் ஒரு மாலையில் அம்மாவை அந்த அடுக்குமாடிக்கு அழைத்துப் போங்கள். கீழே அரைமணி நேரம் உட்காரட்டும். போகிற வருகிறவர்களில் யாராவது நின்று, “எந்தத் தோட்டம்மா?” என்று கேட்கிறார்களா என்று பாருங்கள்.