ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு எத்தனை அங்குல பேரல்? – கேள்வி பதில்

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவர்கள், மச்சானையோ மகளையோ அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து வரும் போட்டோக்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் என்று எல்லாரும், ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிளுக்குப் பேரல் (குழல்) எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இன்று பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. கீழே வேட்டை என்று எழுதும் இடமெல்லாம் அதற்கு அனுமதி உள்ள வெளிநாடுதான். இதைப் படித்துவிட்டு யாரும் பர்கூர் மலைப் பக்கம் கிளம்ப வேண்டாம்.

பெருந்துறை: என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறாருங்க. நண்பர் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. ஒற்றைத் தோட்டா .308 ரைஃபிள் (.308 என்பது தோட்டாவின் அளவு) ஒன்று வாங்கப் போகிறார். கடையில் 16, 20, 22 அங்குலம் மூன்றும் இருக்கிறதாம். பன்றி வேலியோரப் புதரிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டரில்தான் வெளியே வருமாம். எதை எடுக்கச் சொல்லட்டுங்கண்ணா?

20. ஏன் என்று சொல்கிறேன்.

போல்ட் ரைஃபிளில், அதாவது பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரகத்தில், தோட்டா உட்காரும் சேம்பருக்குப் பின்னால் அந்தத் தாழ்ப்பாள் (போல்ட்) முன்னும் பின்னும் ஓட ஒரு நீளம் வேண்டும். நடுவில் மடித்துத் தோட்டா போடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் அந்த இடமே கிடையாது. அதே பேரல் நீளத்துக்கு மொத்தத் துப்பாக்கி சுமார் 4 அங்குலம் குட்டையாகிவிடும். அதாவது 22 அங்குல ஒற்றைத் தோட்டா ரைஃபிள், 18 அங்குல போல்ட் ரைஃபிள் அளவுக்குத்தான் கைக்கு நீளம். கடையில் 16-ஐத் தூக்கிப் பார்த்து "அட, எவ்வளவு சின்னது" என்று மயங்குகிறவர்கள், அந்தச் சின்னத்தனத்தில் பெரும்பகுதி அமைப்பிலேயே கிடைத்துவிட்டது என்பதைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே குட்டையாக இருப்பதை மேலும் 4 அங்குலம் குறைத்தால் ஜீப்பில் ஏறி இறங்கக் கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலை சத்தம், குழல் வாயில் கிளம்பும் தீ, அப்புறம் எடை குறைந்ததால் தோளில் விழும் உதை. முன்பாரமும் போய்விடும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மேலே ஏற்றிவிட்டால் மூக்கு லேசாகி, ஓடுகிற பன்றியைத் தொடரும்போது துள்ளும்.

ரூகர் நம்பர் 1 என்று ஒரு ஒற்றைத் தோட்டா ரைஃபிள் 1960-களிலிருந்து வருகிறது. அது மடிக்கிற ரகம் அல்ல, பேரலின் பின்புறத்தை அடைக்கும் இரும்புக் கட்டை (பிளாக்) கீழே இறங்கும் ரகம். ஆனால் கணக்கு இதேதான். அதில் இலகுவான மாடலுக்கே 22 அங்குலம், மற்றவற்றில் பெரும்பாலானவை 24 அல்லது 26. செய்தவர்களுக்குக் குட்டையாக்கத் தெரியாமல் இல்லை.

சட்டமும் உண்டு. அமெரிக்காவில் ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். ரவைக் குண்டுகள் சுடும் ஷாட்கன்னுக்குப் பேரல் 18. அளவை எப்படி எடுப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு மூடி, வாய் வழியாகத் துடைக்கும் கம்பியை அது முட்டும்வரை விட்டு, வாயோரம் பென்சிலால் கோடு போட்டு, கம்பியை வெளியே எடுத்து அளக்க வேண்டும். சேம்பரும் சேர்ந்துதான் கணக்கு. வெளியே தெரிகிற குழலை மட்டும் டேப் வைத்து அளக்கக் கூடாது.

சைலன்சர் மாட்டப் போகிறார் என்றால் மட்டும் பேச்சு மாறும். அது முன்னால் 6, 7 அங்குலம் நீட்டும். அப்போது 16 நியாயம்.

காதுக்குப் பஞ்சு போதாது, நல்ல மஃப் வாங்கச் சொல்லுங்கள்.

திருப்பூர்: 24-இலிருந்து 16-க்கு வந்தால் குண்டின் வேகம் பாதியாகிவிடும் என்கிறார்களே?

யார் சொன்னார்கள்? .308-இல் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 25 அடிதான் குறையும். 150 கிரெய்ன் எடைக் குண்டு 24 அங்குலத்தில் நொடிக்கு சுமார் 860 மீட்டர் வேகம் என்றால், 16-இல் சுமார் 800. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் அது ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இழக்கும். நூறு மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்துவிட்டு இருநூறில் சுட்டால், குட்டைப் பேரல் குண்டு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் கூடுதலாக இறங்கும். அறுபது மீட்டர் பன்றிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

தோட்டாவில் வெடிமருந்து நிறைய, துவாரம் சின்னது என்றால்தான் நீளம் முக்கியம். .243 போன்றவையும் மேக்னம் என்னும் அதிக மருந்துத் தோட்டாக்களும் குட்டைப் பேரலில் அதிகம் இழக்கும். எரியாத மருந்து வெளியே வந்து தீயாகவும் சத்தமாகவும்தான் போகிறது. நேர்மாறாக .300 பிளாக்அவுட் தோட்டாவுக்கு 9 அங்குலத்திலேயே மருந்து ஏறக்குறைய எரிந்து தீர்ந்துவிடும். அதை வடிவமைத்ததே அப்படித்தான்.

ஈரோடு: 16 அங்குலம் போதுமாங்க?

முதல் பதில்.

பல்லடம்: மகள் ஒஹாயோவில் இருக்கிறாள். மருமகனோடு மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஆள் ஒல்லி. குட்டைப் பேரல் என்றால் அவளுக்குச் சுலபமாக இருக்குமா?

அம்மிணிக்குப் பேரலைக் குறைப்பதைவிட, தோளில் முட்டும் பின்கட்டையைக் குறைப்பதுதான் முக்கியம். கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடிப்பாள். அப்போது எந்தப் பேரலும் உதைக்கும். ஒஹாயோவில் 2014-லிருந்து மானுக்கு நேர்ச்சுவர்த் தோட்டா (முன்னால் கழுத்துப் போலக் குறுகாத தோட்டா) ரைஃபிள்களை அனுமதிக்கிறார்கள். .350 லெஜண்ட் அந்த ரகம். மருந்து குறைவு, உதை குறைவு, 18, 20 அங்குலத்தில் எதையும் பெரிதாக இழக்காது. ரொம்ப லேசான துப்பாக்கியை மட்டும் "பொண்ணுதானே" என்று மருமகன் வாங்கிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். அப்புறம், காது மஃப்.

கோவை: .22-இல் 50 மீட்டர் படுத்துச் சுடுகிறேன். நீளமான பேரல்தான் குறி தவறாது என்று எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் சொல்கிறார். உண்மையா அண்ணா?

பேரலைப் பொறுத்தவரை இல்லை தம்பி. குட்டைப் பேரல் விறைப்பாக இருக்கும், அதிர்வு குறைவு. .22 லாங் ரைஃபிள் 16 முதல் 18 அங்குலத்துக்குள் உச்ச வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் குழலோடு உரசி மெதுவாகத்தான் ஆகும்.

காங்கேயம் (ஓய்வுபெற்ற சுபேதார்): தப்பான தகவல் கொடுக்காதீர்கள். ஜங்கிள் கார்பைன் என்று பட்டாளத்து .303 ரைஃபிளைக் குட்டையாக்கிக் கொண்டுவந்தார்கள். குறி நிலையாக நிற்கவே இல்லை. பட்டாளத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

ஐயா, அந்தப் புகார் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியில் நீளத்தை மட்டுமா குறைத்தார்கள்? எடை குறைக்க உடம்பிலும் பேரலின் வேர்ப் பகுதியிலும் உலோகத்தைச் செதுக்கி எடுத்தார்கள். பலரும் கைகாட்டுவது அதைத்தான். செதுக்காத குட்டைப் பேரலுக்கு அந்தப் பழி வராது.

காங்கேயம்: அப்படியென்றால் ஒலிம்பிக்கில் சுடுகிறவர்கள் ஏன் அவ்வளவு நீளமாக வைத்திருக்கிறார்கள்? அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

நல்ல கேள்வி. இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த ரைஃபிள்கள் பலவற்றில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பேரலே அல்ல, வெறும் குழாய். உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் கிடையாது, குண்டு அதைத் தொடாமலே போகும். முன் குறியைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கத்தான் அந்தக் குழாய். ஸ்கோப் இல்லாமல் சுடும்போது பின் குறிக்கும் முன் குறிக்கும் இடையே உள்ள தூரம்தான் விஷயம்.

கோவைத் தம்பி, கணக்கை நீயே போட்டுப் பார். இரண்டு குறிக்கும் இடையே 600 மில்லிமீட்டர், உன் கண் 0.1 மில்லிமீட்டர் தவறுகிறது என்று வை. 50 மீட்டரில் குண்டு 8.3 மில்லிமீட்டர் தள்ளி விழும். அதே தவறு 750 மில்லிமீட்டர் இடைவெளியில் 6.7. பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து. ஆக, மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை பத்து கிடைக்கும். முதல் ஷாட் ஒன்பது, இரண்டாவது பத்து. உங்கள் கிளப் பெரியவர் பார்த்த வித்தியாசம் உண்மைதான், காரணம்தான் வேறு.

காங்கேயம்: குறி நீளம் என்றாலும் பேரல் நீளம் என்றாலும் சுடுகிறவனுக்கு ஒன்றுதானே.

இரும்புக் குறி வைத்துச் சுடுகிறவனுக்கு ஒன்றுதாங்க, ஒத்துக்கொள்கிறேன். ஸ்கோப் மாட்டியவனுக்கு இல்லை. பெருந்துறைக்காரர் மச்சான் ஸ்கோப் மாட்டுகிறார்.

காங்கேயம்: ஸ்கோப் உடைந்தால்?

உடைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதாங்க ஐயா, பன்றி நாளைக்கும் வரும். இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அந்தியூர்: பயிர்ப் பாதுகாப்புக்கு 12 போர் ஒற்றைக் குழல் ஷாட்கன் லைசென்ஸோடு வைத்திருக்கிறேன். 30 அங்குலம், தோட்டத்துக்குள் வாழைக்கு நடுவே திருப்பவே முடியவில்லை. கோவை கணபதியில் தெரிந்தவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். 20 அங்குலமாக வெட்டித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அவரிடம் இதைப் பற்றி இனிப் பேசவே பேசாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பதையே குற்றம் என்கிறது. உங்கள் கையில் இருப்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ள லைசென்ஸ், வெட்ட அல்ல. லேத்காரரும் சேர்ந்துதான் மாட்டுவார். நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு லேத் இருப்பதால் எதையும் கடைந்துவிடலாம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

சட்டத்தை விடுங்கள், வேலையாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். பழைய ஒற்றைக் குழலில் வாயோரக் கடைசி அங்குலங்கள் சற்றே குறுகியிருக்கும். ரவையைச் சிதறாமல் சேர்த்து அனுப்புவது அந்த இடம். அதை வெட்டிவிட்டால், கிணற்று மோட்டாரில் ஓஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது போல எல்லாப் பக்கமும் தெறிக்கும். முன் குறி மணியும் வெட்டின துண்டோடு போய்விடும். வாய் சதுரமாக வராவிட்டால் ரவை ஒரு பக்கமாகச் சாயும்.

தாளவாடி: மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறது. எந்த நீளம் வாங்கினால் நல்லதுங்க?

எந்த நீளமும் வேண்டாங்க. காட்டுப்பன்றியை நீங்கள் சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறைதான் சுடும். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கிலோமீட்டருக்குள் என்றால் கைவைக்கக் கூடாது. ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுங்கள், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் கேளுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளிக்கும் நாட்டு வெடி) வைக்கிறேன் என்று யாராவது வந்தால் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானையும் கடிக்கும், உங்கள் மாடும் கடிக்கும்.

சத்தியமங்கலம்: ஏர் ரைஃபிளிலும் பேரல் நீளமாக இருந்தால் வேகம் கூடுமா?

ஸ்பிரிங் ரகத்தில் கூடாது. காற்று ஒரே தள்ளாகத் தள்ளிவிடும், மிச்ச நீளம் பேரலை மடக்க நெம்புகோலாகத்தான் உதவும். சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் பிசிபி ரகத்தில் நீளம் உதவும். 4.5 மில்லிமீட்டர் துவாரமும் 20 ஜூலும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் லைசென்ஸ் கேட்பார்கள். மயில், புறா மேல் குறி வைக்காதீர்கள்.

கோபி: 16 அங்குலம் எடுத்தால் பின்னால் வருத்தப்படுவேனா?

நாமக்கல்: 16-ஆ 20-ஆ?

இரண்டு பேருக்கும் முதல் பதில். மேலே போய்ப் படியுங்கள்.

உடுமலை: எந்தக் கம்பெனி நல்லது?

அது அங்கே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது. டிரிக்கரை இழுத்துப் பாருங்கள், மூடும்போது ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், போதும்.

பெருந்துறை: ரொம்ப நன்றிங்கண்ணா. 20-ஏ எடுக்கச் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு மச்சான் ஊருக்கு வருகிறார். அப்போது எடுத்துவந்து காட்டச் சொல்லட்டுங்களா?

ஐயோ, வேண்டவே வேண்டாம்! ரைஃபிளை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வரட்டும். அதைவிட முக்கியம், வேட்டைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஜாக்கெட்டையும் பையையும் கொண்டுவருவதாக இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்து உதறச் சொல்லுங்கள். பை ஓரத்தில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கு வாங்கியவர்கள் உண்டு. முடிந்தால் அந்தப் பையையே தொடாமல், புதுப் பை வாங்கிக்கொண்டு வரட்டும்.