காபி கறைக்கு 14,160 ரூபாயா? ஹோட்டல் பிடித்த டெபாசிட்டை வேலூரில் இருந்தே கேட்கலாம்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். நான் காட்பாடியில் தனியார் பள்ளி ஆசிரியை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் காலேஜ் தோழியும் நானும் போன மாதம் சென்னை அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் வெள்ளி, சனி இரண்டு இரவு தங்கினோம். ரூம் என் பெயரில்தான். என் கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய் டெபாசிட் பிடித்தார்கள். சனிக்கிழமை ராத்திரி தோழியின் கை பட்டு காபி கொஞ்சம் கார்ப்பெட்டில் சிந்தியது, உடனே டவலால் துடைத்துவிட்டோம். ஞாயிறு காலி செய்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, பாக்கி இல்லை என்று பில்லும் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை மெயில் வருகிறது: கார்ப்பெட் சேதம் 12,000, ஜிஎஸ்டி 2,160, டெபாசிட்டை எடுத்துக்கொண்டோம், மீதி 4,160 கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று. செக்-இன் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் சென்னை கோர்ட்டுக்கு மட்டுமே அதிகாரம் என்று இருக்கிறதாம். டின்னர் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 640 வேறு. தோழியோ “கார்டு உன்னுது, நான் என்ன பண்ண” என்கிறாள். இத்தனைக்கும் சென்னைக்கு அலைய முடியுமா?

பதில்: அலைய வேண்டாம். முதலில் அந்த பயத்தை விட்டுவிடுங்கள், ஏனென்றால் வெளியூர் ஹோட்டல்கள் இந்த மாதிரி மெயில் அனுப்புவதே, காட்பாடியில் இருக்கிறவர் இந்தப் பத்தாயிரத்துக்காக லீவு போட்டு சென்னைக்கு வரப்போகிறாரா என்ற கணக்கில்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34 இதற்கு வழி செய்திருக்கிறது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது, எதிர்த் தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை நடந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. புதுச் சட்டம் 2020 ஜூலை 20ல் நடைமுறைக்கு வந்தபிறகு, காட்பாடிக்காரரான நீங்கள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். ‘சென்னை கோர்ட்டுக்கு மட்டுமே’ என்ற வரியைப் பார்த்து மிரளாதீர்கள். ஹோட்டல் தன் வசதிக்கு அச்சடித்து நீட்டிய தாளில் இருக்கும் ஒரு வரி அது, சட்டமே கொடுத்த உரிமையை அதை வைத்துப் பறிக்க முடியாது. வக்கீல் கட்டாயமில்லை (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன்). நீங்கள் ஹோட்டலுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், விசாரணைக்கு வீடியோ கான்ஃபரன்ஸ் கேட்டும் மனுப் போடலாம்.

சரி, கறைக்கு வருவோம். காபி சிந்தியது உண்மை. ஆகவே “எங்களுக்கும் கறைக்கும் சம்பந்தமே இல்லை” என்று பதில் மெயில் போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பொய் பின்னாடி குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். சிந்தியது, உடனே துடைத்தோம், காலி செய்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. இது போதும், நடந்ததும் இதுதானே.

சேதத்துக்கு விருந்தினர் பொறுப்பு என்று செக்-இன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்றால், போட்டதுதான். ஆனால் பொறுப்பு என்பதற்கு, அவர்கள் எழுதும் தொகையை அப்படியே கொடுப்பது என்று அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74ன்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையையே முன்கூட்டி எழுதி வைத்திருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். கைலாஷ் நாத் வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: நஷ்டம் என்று ஒன்று ஏற்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. எனவே கேள்வி 12,000 எங்கிருந்து வந்தது என்பதுதான். கழுவினார்களா, மாற்றினார்களா? கழுவியிருந்தால் கழுவிய ஆளுக்குக் கொடுத்த பில் எங்கே? மாற்றியிருந்தால் பழைய கார்ப்பெட் எத்தனை வருஷம் மிதிபட்டது, ஒரு கறைக்காக உங்களிடம் புதுக் கார்ப்பெட்டின் விலையை வாங்கலாமா? ஞாயிறு ராத்திரியே அந்த அறையை வேறு ஒருவருக்கு விட்டார்களா? விட்டிருந்தால் கதையே முடிந்தது, புழங்க முடியாத அளவுக்குச் சேதமான அறையை யாரும் அன்றைக்கே வாடகைக்கு விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்த போட்டோவை நீட்டினால், நடுவில் அங்கே தங்கியவர் யார் என்று கேளுங்கள்.

அந்த ஜிஎஸ்டி 2,160 எனக்கு ரொம்பவே பிடித்த இடம். ஒப்பந்தத்தை மீறியதால் வந்த நஷ்டத்துக்கு மட்டும் கொடுக்கும் தொகை, ஒரு சேவைக்கான விலை ஆகாது, அதற்கு வரி இல்லை என்று மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3ல் சுற்றறிக்கையே போட்டிருக்கிறது. ஆக, இது நஷ்டஈடு என்றால் ஜிஎஸ்டி எதற்கு? இல்லை, சுத்தம் செய்த சேவைக்கான கட்டணம் என்றால் யார், என்றைக்கு, எவ்வளவுக்குச் செய்தார்கள் என்ற பில் வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவர்கள் மெயிலில் போட்ட கணக்கு செல்லாது. இதை நோட்டீஸில் ஒரு பாராவாக எழுதிவிடுங்கள்.

இப்போது கார்டு. டெபாசிட் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் உங்கள் லிமிட்டில் அந்தத் தொகையை முடக்கி வைப்பது மட்டும்தான். உண்மையிலேயே பணமாக எடுத்துவிட்டார்களா, இல்லை இன்னும் முடக்கத்திலேயே கிடக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். எடுத்திருந்தால் இன்றைக்கே பேங்குக்கு எழுத்து மூலம் டிஸ்பியூட் (இந்தப் பிடித்தத்தை நான் ஏற்கவில்லை என்ற ஆட்சேபம்) கொடுங்கள். இதற்கு நாள் கெடு உண்டு, கஸ்டமர் கேரில் பேசியது மட்டும் போதாது. 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி) போகலாம். மீதி 4,160ஐ உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தக் கார்டில் எடுக்கக்கூடாது என்று அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். டிஸ்பியூட் போட்டுவிட்டோமே என்று கார்டு பில்லின் மற்ற பாக்கியைக் கட்டாமல் விடாதீர்கள், வட்டி ஏறும், சிபில் ஸ்கோரும் கெடும், அதற்கு ஹோட்டலைக் குறை சொல்ல முடியாது.

‘சட்ட நடவடிக்கை’ என்றதும் போலீஸ் வீட்டுக்கு வருமோ என்று அம்மா பயப்படுவார்கள். வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 324ன் கீழ் சொத்துச் சேதக் குற்றம் என்றால், வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். கை பட்டுக் காபி சிந்தினதெல்லாம் அதில் வராது. அவர்களால் போட முடிந்தது சிவில் வழக்கு மட்டும்தான், 4,160 ரூபாய்க்கு எந்த ஹோட்டல் கம்பெனியும் அதற்குச் செலவு செய்யாது.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28ல் அதை உறுதி செய்தது. ஹோட்டல்காரர்கள் மேல்முறையீடு போயிருக்கிறார்கள், போகட்டும். அந்த 640ஐயும் கோரிக்கையில் சேருங்கள். தனியாக இதற்கு மட்டும் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தாலே பல ஹோட்டல்கள் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

அடுத்து உங்கள் தோழி. கையெழுத்து உங்களுடையது மட்டும் என்பதால் ஹோட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அந்த அளவில் அவர் சொல்வது சரி. சிந்தியவரிடம் நீங்கள் பணம் கேட்கலாமா என்றால் வாதத்துக்குக் கேட்கலாம், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த நேரத்தில் கேட்கமாட்டேன். காரணம் நட்பு மட்டுமில்லை. அறைக்குள் இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான்: எவ்வளவு சிந்தியது, எப்படித் துடைத்தீர்கள், காலி செய்தபோது கவுன்ட்டரில் என்ன பேசினார்கள் என்பதற்கு அவரை விட்டால் வேறு சாட்சியே கிடையாது. பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான், எனவே அவரே இரண்டாவது புகார்தாரராகச் சேரலாம், அல்லது ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். ஆம்பூரில் இருந்து வேலூர் என்ன தூரம், ஒரு பஸ். சண்டை போட்டு சாட்சியை இழந்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். நியாயமான சலவைக் கூலி என்று கடைசியில் இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்ட வேண்டி வந்தால், அப்போது ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஹோட்டல் மேனேஜருக்கு நோட்டீஸை ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள். நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் அனுப்பிவிட்டுப் பதில் வராதவருக்கு ஆணையத்தில் மரியாதை அதிகம். அதில் கையெழுத்துப் போட்ட செக்-இன் தாளின் நகல், கறையின் போட்டோ எடுத்த தேதியோடு, சுத்தம் செய்த பில், அந்த அறைக்கு அடுத்து யார் எப்போது வந்தார்கள் என்ற விவரம் (பெயர் வேண்டாம், தேதி போதும்), இவற்றையெல்லாம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கவுன்ட்டர் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் ஒரு வரி இருக்கட்டும். சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால்தான் அவசரம். 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் புகார். கேட்க வேண்டியது 10,000 திரும்ப, 4,160 கோரிக்கை ரத்து, 640, கூடவே மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை. பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். வழக்குப் போட உங்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, ஆனால் பாக்கி இல்லை என்று கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை பில் சூட்டில் மங்கிப்போகும் காகிதத்தில் அச்சானது என்றால் அதற்கு அவ்வளவு ஆயுள் கிடையாது, இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.