நினைவகத்தில் பைட் தேடல்: கேள்வி-பதில்

கேள்வி: சி மொழியில் பிஎன்ஜி படக் கோப்பை நினைவகத்தில் ஏற்றி, சரம் தேடும் ஸ்டர்ஸ்டரில் (strstr) 'ஐஎச்டிஆர்' (IHDR) என்ற நான்கு எழுத்தைத் தேடினேன். பைட்டுகளை டம்ப் எடுத்துப் பார்த்தால் இருக்கிறது, ஆனால் 'கிடைக்கவில்லை' என்று நல் (NULL) வருகிறது.

பதில்: 8 பைட் முத்திரை முடிந்ததும் 9-வது பைட் பூஜ்யம். ஸ்டர்ஸ்டர் பூஜ்யத்தைச் சரத்தின் முடிவாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நீளத்தை வைத்துத் தேடும் மெம்மெம் (memmem) பயன்படுத்துங்கள். தேடும் இடம், தேடும் துண்டு இரண்டுக்கும் நீளம் கொடுங்கள். தேடும் துண்டுக்கு அளவு சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) போட்டால் கடைசிப் பூஜ்யமும் சேர்ந்து 5 ஆகிவிடும். 4 தான் வேண்டும்.

கேள்வி: மெம்மெம் கிராஷ் ஆகிறது. ஏன்?

பதில்: நிரலும் இல்லை, கம்பைலர் என்ன சொன்னது என்பதும் இல்லை. இப்படிக் கேட்டால் எப்படி? ஆனாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். லினக்ஸில் ஸ்ட்ரிங் ஹெடருக்கு (string.h) முன்னால் க்னூ சோர்ஸ் (_GNU_SOURCE) மேக்ரோவை வரையறுக்காவிட்டால் மெம்மெம்மின் அறிவிப்பு தெரியாது. பழைய கம்பைலர் அது 32 பிட் முழு எண்ணான இன்ட் (int) திருப்பும் என்று தானாகவே வைத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் கீழ் 32 பிட் மட்டும் மிஞ்சும். துண்டு கிடைக்காதபோது பூஜ்யம் பூஜ்யமாகவே வரும், நிரல் ஒழுங்காக ஓடும். கிடைத்த அன்றுதான் விழும். அதனால் சோதனையில் தப்பித்துவிடுகிறது. இந்த வசதியை சி மொழியின் 1999 தரமே நீக்கிவிட்டது. ஜிசிசி (GCC) கம்பைலர் அதைப் பிழையாக்கியது 14-வது பதிப்பில்தான். அதுவரை வெறும் எச்சரிக்கை. அந்த ஒரு வரியைப் படிக்காமல் நாள் கணக்கில் டீபக்கரோடு மல்லுக்கட்டுகிறார்கள். எச்சரிக்கைகளைக் காட்டும் -Wall கொடியைப் போடுங்கள், எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி: 255 மதிப்புள்ள பைட் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

பதில்: உங்கள் கேர் (char) வகை குறியுடையது, அதில் 255 என்பது -1 ஆகிவிட்டது. குறியில்லாத அன்சைன்ட் கேர் (unsigned char) போடுங்கள்.

கேள்வி: நானே எழுதிய லூப், தேடும் துண்டு பெரிதாக இருந்தால் எல்லை தாண்டுகிறது.

பதில்: நீளத்துக்கான குறியில்லாத வகையான சைஸ்_டியில் (size_t) 3-லிருந்து 5-ஐக் கழித்தால் -2 வராது. சுமார் 1.8 லட்சம் கோடி கோடி வரும். கழிக்கும் முன் ஒப்பிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நீளத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: வேகமாகத் தேடும் பாயர்-மூர் முறையை நானே எழுதட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். நூலகத்தில் இருப்பதே பெரும்பாலும் போதும்.

கேள்வி: கோப்பை 4096 பைட்டாகப் படித்துத் தேடுகிறேன், சில இடங்கள் விட்டுப்போகின்றன.

பதில்: தேடும் துண்டு 4096 பைட் எல்லையில் பாதி இங்கும் பாதி அங்குமாக விழுகிறது. தேடும் நீளத்தில் ஒன்று குறைத்து, அத்தனை கடைசி பைட்டுகளை பஃபரின் தொடக்கத்துக்கு மெம்மூவால் (memmove) நகர்த்திவிட்டு, அதற்குப் பின்னால் அடுத்ததைப் படியுங்கள். அப்புறம், கடைசிப் படிப்பில் பெரும்பாலும் 4096 முழுசாக வராது. நகர்த்தி வைத்த பைட்டுகளோடு ஃப்ரீட் (fread) எவ்வளவு திருப்பியதோ அதைக் கூட்டுங்கள், அதுதான் தேட வேண்டிய நீளம்.