பூவை நெருங்கும்போது படம் ஏன் மங்குகிறது?

வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கும் வாசகி ஒருவர், பல்கனியில் வளர்க்கும் செவ்வரத்தைப் பூக்களை மிக அருகிலிருந்து படம்பிடிப்பதில் தமக்குள்ள தீராத ஆசையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது சிறிய சென்சர் கொண்ட டிஎஸ்எல்ஆர் கமராவும் அதனுடன் வந்த 18-55 மில்லிமீற்றர் லென்ஸும். படங்கள் பாதி மங்கலாகவும், இதழ்கள் சிவப்புச் சாயம் கொட்டியதுபோல் நுணுக்கமற்றும் வருவதாகக் கூறி, மிக அருகிலுள்ள சிறு பொருளைப் பெரிதாக எடுக்கும் மாக்ரோ லென்ஸ் வாங்கினால் இக்குறைகள் தீருமா என்று கேட்கிறார்.

தீராது என்பதே என் பதில். மங்கல் கூடவும் செய்யலாம். உங்கள் லென்ஸை 55 மில்லிமீற்றரில் வைத்து, அது அனுமதிக்கும் மிகக் கிட்டிய தூரத்திலிருந்து எஃப்/5.6 என்ற துவார அளவில் (இந்த எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறுத்து, தெளிவின் ஆழம் கூடும்) எடுத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மட்டுமே. பொருளின் உருவம் அதன் உண்மை அளவிலேயே சென்சரில் விழும்படி மாக்ரோ லென்ஸால் எடுக்கும்போது, எஃப்/8 இல்கூட அந்த ஆழம் ஒரு மில்லிமீற்றரை எட்டுவதில்லை. செவ்வரத்தையின் நடுவிலிருந்து நீளும் மகரந்தத் தண்டோ இதழ்களைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் முன்னே வந்து நிற்கிறது. பூவுக்கு நேரெதிரே கமராவைப் பிடித்தால், தண்டின் நுனியிலுள்ள ஐந்து சூல்முடிகள் தெளியும்போது இதழ்கள் கரையும். இதழ்கள் தெளியும்போது சூல்முடிகள் ஐந்தும் ஒரே சிவப்புப் புகையாகும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்தை. பூவின் பக்கவாட்டுக்கு வந்து, மகரந்தத் தண்டு முழுவதும் கமராவின் பின்புறத்துக்கு இணையாக இருக்குமாறு பிடியுங்கள். தண்டு அப்போது ஏறத்தாழ ஒரே தளத்தில் படுத்துவிடுவதால், கிடைக்கும் அந்தச் சில மில்லிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே சூல்முடியின் வெல்வெட் போன்ற மேற்பரப்பும் அதன் கீழே மஞ்சள் மகரந்தப் பைகளும் ஒருங்கே தெளியும். பின்னாலுள்ள இதழ் மென்மையான திரையாகிவிடும். துவாரத்தை எஃப்/8 அல்லது எஃப்/11 இல் வையுங்கள். அதற்கும் மேலான எண்ணுக்குப் போனால், சிறுத்த துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே சற்றுக் கூர்மை இழக்கும். தானியங்கிக் குவிப்பை அணைத்துவிட்டு, குவிப்பை ஓரிடத்தில் நிறுத்தி, உங்கள் உடலையே மயிரிழை முன்னும் பின்னும் அசைத்து, தொடர்ச்சியாகப் பத்துப் படங்களாவது எடுங்கள். அவற்றில் ஒன்று தேறினால் அது நல்ல விளைச்சல்தான்.

காற்று அடுத்த இடர். கடற்கரையை அண்டிய வெள்ளவத்தையில் முற்பகல் ஏற ஏறக் கடற்காற்றும் வலுக்கும் என்பதால், காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நேரமே உகந்தது. செவ்வரத்தை பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடுவதால், அன்று விரிந்த பூவும் அப்போதுதான் புதிதாக இருக்கும். காம்பை மூங்கில் குச்சியொன்றுடன் உடுப்புக் கிளிப்பால் மெதுவாகப் பிணைத்துவிட்டால் ஆட்டம் வெகுவாகக் குறையும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாதிருக்கட்டும்.

சிவப்புச் சாயம் கொட்டியதுபோல் தோன்றுவதற்குக் காரணம் வேறு. கமரா மொத்த வெளிச்சத்தைச் சராசரியாக அளக்கும்போது, பச்சையும் நீலமும் அடங்கியிருக்க, சிவப்பு மட்டும் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய இடத்தில் இதழின் நரம்புகள் அழிந்துவிடுகின்றன. வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு நிறுத்தம் அல்லது ஒரு நிறுத்தம் (ஸ்டொப்; ஒன்று குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, கமரா சுருக்காமல் முழு விவரத்துடன் சேமிக்கும் ரோ கோப்பாகப் பதிவுசெய்து, திரையில் சிவப்புக்குரிய ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரம்பலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூ சட்டத்தை நிறைத்தால், நேர்மாறாகச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமானால், பூவுக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடியுங்கள்.

இவை கைவந்த பின்பும் இன்னும் நெருங்க ஆசை இருந்தால், லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பொருத்தும் விரிவு வளையம் ஒன்றை முதலில் வாங்குங்கள். 20 மில்லிமீற்றர் வளையம், 55 மில்லிமீற்றரில் இருக்கும் உருப்பெருக்கத்துடன் ஏறத்தாழ 0.36 ஐச் சேர்க்கும். மின்தொடர்பு இல்லாத மலிவு வளையத்தைத் தவிருங்கள், அதில் துவாரத்தைக் கமராவிலிருந்து மாற்ற முடியாது.

வண்டோ தேனீயோ வந்தமரும் பூக்களின் மீது மனம் சென்றால்தான் 90 அல்லது 100 மில்லிமீற்றர் மாக்ரோ லென்ஸ் தேவைப்படும். அது பூச்சி கலையாத தூரத்தைத் தரும். பழைய லென்ஸாக வாங்கினால், துவாரத்தை முழுதாகத் திறந்து, கைத்தொலைபேசி விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையால் உள்ளே பாருங்கள். சிலந்தி இழைபோல ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதிதாக வாங்கினாலும், நம் ஊரின் ஈரப்பதத்தில் அதைத் தோற்பையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.