மேளச் சத்தம் வரும் பக்கம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கணவரின் வேலை காரணமாக டோக்கியோவின் நிஷிகசாய்க்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனுக்கு ஏழு வயது, பக்கத்துப் பள்ளியில் படிக்கிறான். ஜூலை பிறந்துவிட்டால் சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் எங்கிருந்தோ மேளச் சத்தம் வரும். போன வருடம் ஒருநாள் தேடிப் போனோம். ஒரு சின்னப் பூங்கா, நடுவில் உயரமான பரண், அதைச் சுற்றி ஆடும் பாட்டிகள், நாலைந்து கடைகள். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையின் ராத்திரிக் கடைத்தெரு மாதிரி இருந்தது. ஆனால் வேலிக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். உள்ளே போகலாமா, இது மதச் சடங்கா, சைவமான நாங்கள் அங்கே எதைச் சாப்பிடலாம், எதுவும் தெரியவில்லை. அதே மாதம் கியோட்டோவின் கியோன் விழாவுக்குப் போய்த் தலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். இந்தக் கோடையில் பார்க்க நல்ல விழா ஒன்றைச் சொல்லுங்களேன்.

சு., நிஷிகசாய்

அன்புள்ள சு.,

வேலிக்கு வெளியில் நின்று பார்த்தீர்களே, போன் ஒதோரி என்னும் அந்த ஆட்ட விழாவுக்கே திரும்பப் போங்கள். அதைவிட நல்ல விழாவை என்னால் சொல்ல முடியாது.

கியோன் விழாவைக் குறைத்துச் சொல்லவில்லை. 869-ஆம் ஆண்டில் வேர்கொண்ட விழா அது. ஆனால் அதன் 34 தேர்களும்கூடத் தெருக்காரர்களுடையவை. ஒவ்வொரு தேரையும் ஒரு பேட்டை தலைமுறை தலைமுறையாக வைத்துக் காத்து வருகிறது. ஊர்வலத்தன்று போனால் கூட்டம்தான் கண்ணில் படும். ஜூலை 11, 12 வாக்கில் பகலில் போனால், ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே மரச்சட்டங்களை இறுக்கித் தேர் கட்டுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அதை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பூங்கா விழாவை நடத்துவது கோயிலோ நகராட்சியோ அல்ல, பெரும்பாலும் உங்கள் பேட்டைச் சங்கம்தான். வீடு வீடாகக் கைமாறி வரும் அறிவிப்பு அட்டையைப் பார்த்திருப்பீர்கள், அதை அனுப்புகிறவர்கள் இவர்களே. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் வந்து இரும்புக் குழாய்களைப் பூட்டிப் பரண் கட்டி, சிவப்பும் வெள்ளையுமாகத் துணி சுற்றுவார்கள். அதன் உச்சியிலிருந்து நாலா பக்கமும் காகித விளக்குகளை இழுத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு விளக்கிலும் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கும்: சலூன், பல் மருத்துவர், அரிசிக் கடை, மழலையர் பள்ளி. நன்கொடைப் பட்டியலைத் தனியாக ஒரு பலகையில் ஒட்டியிருப்பார்கள். அதை மகனை வாசிக்கச் சொல்லுங்கள். அவனுடைய வகுப்புத் தோழர்களின் அப்பா கடைகள் நாலைந்தாவது அதில் வரும். நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள், உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறான். அனுமதி கேட்க வேண்டிய இடமே இல்லை அது.

இந்தச் சங்கங்கள் எப்போதும் இப்படி இனிமையாக இருந்துவிடவில்லை. 1940-இல் அரசு இவற்றைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் ரேஷன் பிரித்துக் கொடுத்ததும் இவைதான், யார் என்ன பேசுகிறார்கள் என்று அண்டை வீட்டைக் கவனிக்க வைத்ததும் இவைதான். அதனால் 1947-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை போட்டது. 1952-இல் ஆக்கிரமிப்பு முடிந்ததும் திரும்ப வந்தன. இன்று அவற்றில் சேருவது அவரவர் விருப்பம். இளைஞர்கள் சேருவதில்லை, பரண் கட்ட ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் இப்போதைய கவலை. கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் நின்றுபோன விழாக்களில் சில பிறகு திரும்பவே இல்லை. ஏழு வயதுப் பையனோடு ஒரு குடும்பம் உள்ளே வந்தால் அவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மதம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த ஆட்டத்துக்கு வேர் பௌத்தம். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், இறந்துபோன தன் தாய் பசித்த பேயுலகில் தவிப்பதைக் கண்டார். புத்தர் சொன்னபடி துறவிகளுக்கு அன்னமிட்டுத் தாயை மீட்டார். அந்த மகிழ்ச்சியில் பிறந்தது இந்த ஆட்டம் என்பது கதை. ஒபோன் நாட்களில் முன்னோர் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. வெள்ளரிக்காயிலும் கத்தரிக்காயிலும் குச்சிகளைச் செருகிக் கால் வைத்து வாசலிலோ படையலிலோ வைத்திருப்பார்கள். வெள்ளரிக்காய் குதிரை, முன்னோர் சீக்கிரம் வந்து சேரட்டும் என்று. கத்தரிக்காய் மாடு, திரும்பிப் போகும்போது மெதுவாகப் போகட்டும் என்று. இதற்கு மேல் சடங்கு வீட்டுக்குள் நடப்பது. பூங்காவில் உங்களை யாரும் எதையும் வணங்கச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே கட்டாயம் போடும் பாட்டு ஒன்று உண்டு, தாங்கோ புஷி. கியூஷூ தீவில், ஃபுகுவோகா மாநிலத்தின் தகாவா நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்த தொழிலாளர் பாட்டு. அசைவுகளைக் கவனியுங்கள். வலப்பக்கம் இரண்டு முறை தோண்டுவது, இடப்பக்கம் இரண்டு முறை தோண்டுவது. கூடையை வலது தோளில் ஏற்றுவது, இடது தோளில் ஏற்றுவது. நெற்றியில் கை வைத்துப் பின்னால் இரண்டு அடி போய் நிலாவைப் பார்ப்பது. பிறகு வண்டியை இரண்டு தள்ளு. கைகளை விரித்து, தட்டு. அவ்வளவுதான், மூன்றாவது சுற்றில் உங்களுக்கு வந்துவிடும். பாட்டில் வரும் மீக்கே சுரங்கத்தில் 1963 நவம்பரில் நடந்த வெடிவிபத்தில் 458 பேர் இறந்தார்கள். 1997-இல் அந்தச் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். நிலக்கரியைக் கண்ணால் பார்த்திராத டோக்கியோ அலுவலகக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் அந்த வேலையைக் கையால் செய்து பார்க்கிறார்கள். இறந்தவர்களுக்கான நாட்களில் ஆட இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பாட்டு டோக்கியோ ஒந்தோ. 1932-இல் மருனோஉச்சி வட்டாரத்துக்காக எழுதப்பட்டு, மறுவருடம் நகரம் முழுவதற்குமாக மாற்றப்பட்டது. யாகுல்ட் ஸ்வாலோஸ் பேஸ்பால் ரசிகர்கள் சின்னக் குடையைத் தூக்கித் தூக்கி ஆடுவதும் இதே பாட்டுக்குத்தான்.

பரணை ஒட்டிய உள்வட்டத்தில் ஒரே மாதிரி யுக்காத்தா என்னும் கோடைக்காலப் பருத்தி உடை உடுத்திய பெண்கள் ஆடுவார்கள். மாதர் குழுவினர், வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுடைய கையைப் பார்த்துக்கொண்டே வெளிவட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். வட்டம் நகர்ந்துகொண்டே இருப்பதால் உங்கள் தப்பைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. முதல் அரைமணி பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, டோரேமான் பாட்டுக்கெல்லாம் ஆட விடுவார்கள். அதனால் ஆறு மணிக்கே போய்விடுவது நல்லது.

ஜூலைக் கடைசி சனிக்கிழமை ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். டோக்கியோவில் இருந்த காலத்தில் எனக்குப் பிடித்தமான மாலை அதுதான். கைப்பேசி வரைபடத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்து நடப்பேன். ஏழு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஒரு பூங்காவில் இரண்டு பாட்டு ஆடி முடித்து வெளியே வந்தால், இரண்டு தெரு தள்ளிப் பள்ளி மைதானத்திலிருந்து வேறு மேளம் கேட்கும். அங்கே போனால் பரண் சின்னது, கூட்டம் பெரியது. அடுத்தது ஒரு கடைவீதி, அங்கே பரணே கிடையாது, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடைகள்தான். ஒரே பாட்டுக்கு ஒரு பேட்டையில் கையை வீசி ஆடுவார்கள், அடுத்ததில் அடக்கமாக. பக்கத்துப் பேட்டைக்காரர்களோடு பேசினால் எங்களுடையதுதான் சரி என்பார்கள். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். சத்தம் பற்றிப் புகார் வராமலிருக்க அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஐச்சி மாநிலத்தின் தோக்காய் நகரில் ஒரு பேட்டை ஒலிபெருக்கியையே விட்டுவிட்டு, எல்லோரும் காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு ஆடியது.

இன்னும் ஓர் இடம் சொல்லத்தான் வேண்டும், ஸுகுதா. உங்கள் தோஸாய் வழித்தடத்திலேயே மொன்ஸென் நகச்சோ வந்து, ஓஎதோ வழித்தடத்தில் ஒரு நிறுத்தம் போனால் ஸுகிஷிமா. அங்கிருந்து நடந்துவிடலாம். முன்னொரு காலத்தில் ஒஸாக்கா பக்கத்திலிருந்து வந்த மீனவர்கள் குடியேறிய தீவு. இன்று பின்னால் வானுயரக் குடியிருப்புகள், முன்னால் தாழ்ந்த ஓட்டு வீடுகளும் படகுகள் கட்டிய கால்வாயும் சிவப்புக் கைப்பிடிப் பாலமும். ஜப்பான் 1873-இல் ஆங்கில நாட்காட்டிக்கு மாறியபோது நாட்டின் பெரும்பகுதி ஒபோனை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தது. டோக்கியோ ஜூலையிலேயே நின்றது. அதனால் ஜூலை 13 முதல் 15 வரை இங்கே ஆட்டம். ஒலிநாடா கிடையாது. பரண் மேல் ஒருவர் மேளம் தட்டிப் பாட, கீழே தெருவில் ஆடுவார்கள், அதுவும் மெதுவாக. சற்றுத் தள்ளி, யாருமற்று இறந்தவர்களுக்காக ஒரு படையல் மேடை இருக்கும். ஆற்றில் மிதந்து வந்தவர்களும் அதில் சேர்த்தி. ஆடுவதற்கு முன் அங்கே கைகூப்பிவிட்டுப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். நானும் கைகூப்பியிருக்கிறேன்.

இனி சாப்பாடு. யாக்கிசோபா நூடுல்ஸில் பன்றி இறைச்சி, தாக்கோயாக்கி உருண்டையில் ஆக்டோபஸ், ஒகோனோமியாக்கி அடையில் மேலே தூவுவது மீன் சீவல். மூன்றையும் விட்டுவிடுங்கள். சோயா சாஸ் தடவிச் சுட்ட சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, அவித்த எதமாமே (பச்சை சோயாக் காய்), சர்க்கரைப் பாகில் முக்கிய ஆப்பிள், பஞ்சுமிட்டாய், ஐஸைச் சீவிப் பாகு ஊற்றும் காக்கிகோரி ஆகியவை போதும். சோளத்துக்குத் தடவும் சாஸில் சிலர் மீன் வடிநீர் கலப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தார் தாங்களே நடத்தும் கடைகளில் விலை கம்மி. வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பது மட்டும் குறைந்துவிட்டது. 1998 ஜூலையில் வகயாமாவில் இப்படி ஒரு பேட்டை விழாவின் கறிக்குழம்பில் ஆர்ஸெனிக் கலக்கப்பட்டு 67 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 4 பேர் இறந்தார்கள். அண்டை வீட்டார் கையால் வாங்கிச் சாப்பிடுவதில் விழுந்த அந்தப் பயம் நெடுநாள் நீடித்தது. ஆகவே கையுறை, மூடி, நேரக் கணக்கு என்று அவர்கள் கெடுபிடியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் மகன் தங்கமீன் தொட்டியை விட்டு நகர மாட்டான். மெல்லிய காகிதம் ஒட்டிய வளையத்தால் மீனை அள்ள வேண்டும், காகிதம் கிழிந்தால் ஆட்டம் முடிந்தது. பாதியை மட்டும் நனைத்தால் நனைந்ததும் நனையாததும் சேரும் இடத்தில் கிழியும். அதனால் முதலிலேயே முழுக்க நனைத்துவிடச் சொல்லுங்கள். சாய்வாக இறக்கி, மேற்பரப்புக்கு வந்த சின்ன மீனை விளிம்போரமாக எடுக்க வேண்டும். ஒன்றுமே பிடிக்காவிட்டாலும் பல கடைகளில் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொண்டுவருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து பால்கனி வெயிலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போகாமல் மீனை அதில் விடக்கூடாது.