புரோகிராமிங் கற்றுக்கொண்டிருக்கும்போதே ஃப்ரீலான்ஸாக வெப்சைட் செய்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம். முதல் வெப்சைட்டுக்குக் காசு வாங்கியபோது எனக்குத் தெரிந்தது ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சூண்டு ஜாவாஸ்கிரிப்ட். ஒரு ஃபார் லூப் எழுதக்கூட கூகுளைத் திறப்பேன்.

பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருப்பவர், அப்பாவுக்குப் பழக்கம். ஐந்து பக்கம், 6,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். "மேட்டரெல்லாம் பிரஸ்ல ரெடியா இருக்குதுங்க தம்பி, நோட்டீஸுக்கு அடிச்சது" என்றார். வம்பு அங்கேதான் இருந்தது. வந்த ஃபைல் பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு அது. பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. யூனிகோடுக்கு (இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறியீடு) மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. அன்று எனக்குத் தெரியாது (தெரியாததும் நல்லதுதான்). நானே ஜாவாஸ்கிரிப்டில் எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு எழுத்தாக ரீப்ளேஸ் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். 'கொ' வந்ததும் மாட்டிக்கொண்டேன். பாமினியில் அது கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. 'கெ'யை முதலில் மாற்றிவிட்டால் கால் மட்டும் அந்தரத்தில் தொங்கும். நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும், சின்னதெல்லாம் பிறகு. இது பிடிபட இரண்டு ராத்திரி போயிற்று. கொம்பு திரையில் 'க'வுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கோர்ஸ் வீடியோவில் மூன்று முறை பார்த்தும் ஏறாத அர்ரே (வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டியல்), அந்த இரண்டு ராத்திரியில் ஏறிவிட்டது.

ஆனால் வருகிற வேலையையெல்லாம் ஒப்புக்கொள்ளாதீர்கள். லாகின், ஆன்லைனில் பணம் வாங்குவது இரண்டையும் இப்போது தொடவேண்டாம். அங்கே தப்பு செய்தால் போவது அடுத்தவர் காசு. மேட்டரும் படங்களும் கைக்கு வந்த பிறகே தேதி சொல்லுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நசுங்கி வரும்.

நான் செய்த பெரிய தப்பு, டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, என் பெயரில் வாங்கியது. ரெனியூவல் மெயில்கள் நான் திறக்காத பழைய ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தன. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கடையின் தளம் காணவில்லை! டாட் காம் பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்பதால் தப்பித்தேன். அதற்கான தனிக் கட்டணம் என் கையை விட்டுப் போனது. இப்போதெல்லாம் அவர்கள் பெயரில், அவர்கள் மெயிலில், அவர்கள் கார்டில்தான் டொமைன். நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டுவதோடு சரி.