மலையை என்ன செய்வது?

ஐயா,

பொழுதுபோக்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒஹையோவில் வசிக்கிறேன். வீடு வாங்கிய கையோடு பேஸ்மென்டில் மாதிரி ரயில் அமைக்க ஆரம்பித்தேன். ஹெச்.ஓ. அளவு, அதாவது அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மலை, சுரங்கப்பாதை, நீளநீளமான கூட்ஸ் வண்டிகள் என்று பெரிய கனவு. மலை பாதியில் நிற்கிறது, கம்பிவலையைக்கூடப் பிளாஸ்டரால் இன்னும் முழுக்க மூடவில்லை. இப்போதெல்லாம் கீழே போனால் மூலையில் இருக்கும் சின்ன ஸ்டேஷனில் நாலைந்து பெட்டிகளை வைத்து ஷண்டிங், அதாவது பெட்டிகளைக் கழற்றி மாட்டி இடம் மாற்றும் வேலை, செய்துகொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். “அப்பா, ரயில ஓட்டவே மாட்டீங்களா?” என்கிறாள் மகள். எனக்கு ஆர்வம் போய்விட்டதா? எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்வம் போனவர் பேஸ்மென்ட் விளக்கைக்கூடப் போடமாட்டார். நீங்கள் போய் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை என்கிறீர்கள். மாறியிருப்பது உங்கள் ஆசை மட்டும்தான். அது நல்ல திசையில்தான் மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் ரயில் ஓடினால் போதும். அமெரிக்காவில் நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகையில் ஒரு வட்டம் போட்டுத்தான் பலரும் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாள் போனதும் ஒரு கேள்வி வரும்: இந்த வண்டி எதை ஏற்றிக்கொண்டு யாருக்காகப் போகிறது? அது வந்துவிட்டால் வெறுமனே வேடிக்கை பார்க்க முடியாது. ஃபிராங்க் எல்லிசன் என்ற அமெரிக்கர் தான் கட்டிய டெல்டா லைன்ஸ் என்ற மாதிரி ரயிலை 1940களிலேயே நாடக மேடையாகப் பார்த்தார். ரயில்கள்தான் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை.

உங்கள் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். நிலக்கரிக் கடைக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதற்கான அட்டையில், எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சரக்குச் சீட்டு செருகியிருக்கிறது. ஆனால் கடைக்குப் பிரியும் பக்கத் தண்டவாளம், அதாவது சைடிங், எஞ்சின் வரும் திசையைப் பார்த்துப் பிரிகிறது, பெட்டியோ எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. நேராக உள்ளே தள்ள வழியில்லை. மூங்கில் குச்சியைக் கப்ளர் என்ற இணைப்புக் கொக்கிக்குள் விட்டு லேசாகத் திருகி எஞ்சினைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் வழியாகச் சுற்றிப் பெட்டிக்குப் பின்பக்கம் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் தள்ள முடியும். இதற்குள் பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டால் மெயின் லைனைக் காலி செய்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: நீங்கள் ரயில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

முதலிலேயே ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் மலை பாதியில் நின்றிருக்காது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஷண்டிங் பிடிக்கும் என்பது செய்து பார்க்காமல் யாருக்குத் தெரியும்? டோனி கோஸ்டர் இந்தத் துறையில் நிறைய எழுதியவர், திட்டமிடுவதைப் பற்றியே புத்தகங்கள் போட்டவர். அவரே அப்பலாச்சிய மலைகளில் ஓடுவதாகக் கற்பனை செய்து கட்டிய அலிகெனி மிட்லேண்ட் என்ற மாதிரி ரயிலை, பல வருட உழைப்பு என்று பார்க்காமல் பிரித்துவிட்டார். அந்த இடத்தில் அவர் கட்டியது நிக்கல் பிளேட் ரோட் என்ற நிஜ ரயில் பாதையின் ஒரு பகுதியை, 1954-இல் இருந்தபடி. அது சிறுவயதில் இண்டியானாவில் அவர் நேரில் பார்த்த ரயில், தட்டையான நிலத்தில் ஓடியது. மலையை விட்டுவிட்டு அவர் சமவெளிக்கு வந்தது ஆசை தீர்ந்ததால் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய மாதிரி ரயில் உலகப் புகழ் பெற்றது. 1973-இல் அவர் இறந்தார், அடுத்த சில நாட்களில் தீப்பிடித்து அதுவும் பெரும்பகுதி அழிந்துபோனது. அத்தனை பெரிய அமைப்புக்குள், பல வருடங்களுக்கு முன் அவர் முதன்முதலில் கட்டிய குட்டி ரயிலும் சேர்க்கப்பட்டிருந்தது. நன்றாக ஓடுகிற பகுதியை அப்படியே அடுத்ததற்குள் கொண்டுபோகலாம். அந்த ஸ்டேஷன் இருக்கட்டும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் பக்கிங்ஹாம் என்ற கற்பனைக் கிளைப்பாதையை மாதிரி ரயிலாகப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பக் கட்டினார். கால அட்டவணைப்படி ஓட்ட மறுமுனையில் இன்னொருவர் வேண்டும். அவருடைய மகன் கிரிஸ்பின் அந்த வேலையைச் செய்தான். மகன் வளர்ந்து, கூட இருக்க முடியாமல் போனபோது டென்னி அவன் வேலையைச் செய்ய ஒரு இயந்திரமே கட்டினார். அதற்கு ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின் என்றுதான் பெயர். இதை நினைத்தாலே எனக்கு நெகிழ்ந்துவிடும். உங்களுக்கு இயந்திரம் தேவையில்லை, மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். சரக்குச் சீட்டுகளை அவள் கையில் கொடுத்து, எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மலையைத் தாராளமாக எடுத்துவிடலாம். அந்த இடத்தில் ஸ்டேஷனுக்கு இன்னும் இரண்டு சைடிங் போடலாம், பெட்டிகள் வந்து போவதற்கு ஒரு யார்டும் வைக்கலாம். அறுக்கும் முன் ஸ்டேஷனைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிடுங்கள், பிளாஸ்டர் தூள் தண்டவாளம் பிரியும் பாயிண்ட்ஸில் போய் உட்கார்ந்தால் துடைத்து எடுப்பது பெரும்பாடு.

அன்புடன்